மூன்று பக்க பல் பிரஷ்: ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு எதுவரை உதவும், எங்கே கைகொடுக்காது

வாங்கலாம். ஆனால் இது ஒன்றே போதும் என்று இருந்துவிட முடியாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மூன்று பக்க பிரஷ் வாங்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு இதுதான் சுருக்கமான பதில். எந்த இடத்தில் இது காசுக்கு மேல் உழைக்கிறது, எந்த இடத்தில் பல்லைத் தொடாமலே போய்விடுகிறது என்று தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

சாதாரண பிரஷ்ஷில் நார் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். இதில் நடுவில் குட்டையான, சற்று விறைப்பான நார்; இரண்டு ஓரங்களிலும் நீளமான, மெல்லிய நார், உள்பக்கமாக வளைந்தோ சாய்ந்தோ இருக்கும். பல்லின் மேல் வைத்து அழுத்தினால் நடு நார் மெல்லும் பரப்பில் உட்காரும், ஓர நார்கள் கன்னப் பக்கத்தையும் நாக்குப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். சில கம்பெனிகள் மூன்று தனித்தனி தலைகளாகச் செய்கின்றன, சில ஒரே தலையில் நாரை வளைத்துச் செய்கின்றன. பயன்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதன் பலன் ஒரு எளிய கணக்கில் இருக்கிறது. பால் பல் மொத்தம் 20. ஒவ்வொரு பல்லிலும் பிரஷ் தேய்க்க வேண்டிய பக்கங்கள் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று; கடைவாய்ப் பல்லானால் மேலேயும் ஒன்று. சாதாரண பிரஷ்ஷில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் ஆகும். அதற்குள் பிள்ளை வாயை மூடிவிடும், தலையைத் திருப்பிவிடும், எழுந்து ஓடிவிடும். பெரும்பாலான வீடுகளில் அன்றாடம் நடப்பது என்னவென்றால், முன்பல்லின் வெளிப்பக்கம் மட்டும் துலக்கப்படுகிறது. கீழ்க் கடைவாயின் நாக்குப் பக்கத்தை மாதக்கணக்கில் எதுவும் தொடுவதில்லை. பிள்ளை வாயைத் திறந்து தரும் நேரம் கொஞ்சம். அந்தக் கொஞ்ச நேரத்தில் எத்தனை பக்கம் துலக்க முடிகிறது என்பதை வைத்துத்தான் இந்தப் பிள்ளைகளுக்கான எந்தப் பொருளையும் எடை போட வேண்டும். அந்தத் தராசில் மூன்று பக்க பிரஷ் நன்றாகவே நிற்கிறது.

இன்னொரு நல்ல குணம், கடித்தாலும் வேலை நடக்கும். சாதாரண பிரஷ்ஷைப் பிள்ளை கடித்துப் பிடித்தால் துலக்குவது அங்கேயே நின்றுவிடும். இதைக் கடித்தால் நார் பல்லைச் சுற்றி இன்னும் நன்றாக இறங்கும். கடித்தபடி இருக்கும்போதே முன்னும் பின்னும் சிறு அசைவாக ஆட்டலாம். வாயில் எதையாவது வைத்து மென்றுகொண்டே இருக்கத் தேடும் பிள்ளைகளில் சிலருக்கு இந்த அழுத்தமே பிடித்துப்போகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

வேலூரில் ஆற்காடு ரோட்டிலும் காந்தி ரோட்டிலும் உள்ள பெரிய மெடிக்கல் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். எல்லாக் கடையிலும் இருக்காது. பெரும்பாலும் ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். விலை சாதாரண பிரஷ்ஷை விடக் கூடுதல். அதனால்தான் தலையின் அளவைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சிறியவர் அளவு, பெரியவர் அளவு என்று இரண்டு உண்டு. பால் பல்லுக்குப் பெரியவர் பிரஷ்ஷைப் போட்டால் ஓர நார் ஈறின் மேலே நிற்கும், பல்லைத் தொடாது. 6 வயதில் வரும் பெரிய கடைவாய்ப் பல்லுக்குச் சிறியவர் பிரஷ்ஷைப் போட்டால் ஓர நார் பல்லின் விளிம்போடு நின்றுவிடும், ஈறு வரை இறங்காது. அழுக்கு சேரும் இடமே ஈறின் ஓரம்தான்.

கையில் வந்ததும் கழுவிய கட்டைவிரல் நுனியில் அதை மாட்டிப் பாருங்கள். நடு நார் விரல் நுனியைத் தொட வேண்டும், அதே நேரம் இரண்டு ஓர நார்களும் விரலின் பக்கவாட்டில் சாய்ந்து படிய வேண்டும். ஓர நார் குத்திக்கொண்டு நேராக நின்றால் அது ஈறையும் குத்தும். நாரை விரலால் ஒருமுறை இழுத்தும் பாருங்கள். கழன்று கையோடு வந்தால் அந்த பிரஷ் கடிக்கிற பிள்ளைக்கு ஆகாது. கைப்பிடி தடிமனாக, வளையாததாக இருக்கட்டும். உறிஞ்சு கோப்பை வைத்த, பொம்மைத் தலை வைத்த கைப்பிடிகளால் லாபம் எதுவும் இல்லை, கடைவாய்க்குள் கொண்டுபோகும்போது தடுக்கத்தான் செய்யும்.

எப்படிப் பயன்படுத்துவது

முதலில் இடம். பாத்ரூம் வேண்டாம். டைல்ஸ் போட்ட சிறிய அறையில் குழாய்ச் சத்தமும் எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தமும் எதிரொலிக்கும், பினாயில் வாடை இருக்கும், தரை ஈரமாக இருக்கும். சத்தமும் வாடையும் தொடுகையும் பல மடங்காகத் தாக்கும் பிள்ளை பல் துலக்குவதற்கு முன்பே அங்கே தளர்ந்துவிடுகிறது. ஹாலில் பாய் விரித்து, பிள்ளையின் தலையை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்துதான் இருப்பேன் என்றால் நீங்கள் பின்னால் இருந்து, பிள்ளையின் தலை உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்கும்படி பிடியுங்கள். எதிரே நின்று துலக்கினால் தலை பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருக்கும், வாய்க்குள் எதுவும் தெரியாது. ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான குடிநீர் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் பல வீடுகளில் உப்புக் கரிக்கும்; பிள்ளை கொப்பளிக்க மறுப்பதற்கும் பிரஷ்ஷையே துப்புவதற்கும் அந்தச் சுவையும் ஒரு காரணமாகலாம். வெந்நீரில் பிரஷ்ஷை அரை நிமிடம் வைத்து எடுத்தால் நார் இளகும்.

துலக்குவதற்கு முன் தோள், தாடை, கன்னம் மூன்றையும் உள்ளங்கையால் நிதானமாக அழுத்திக் கொடுங்கள். லேசாகத் தடவுவது பல பிள்ளைகளுக்குக் கூச்சத்தைக் கூட்டும், அழுத்தம் அமைதி தரும். எந்த அளவு அழுத்தம் ஒத்துக்கொள்ளும் என்று பிள்ளைக்கு அன்றாட வேலைகளில் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டைக் கேட்டால் கையைப் பிடித்தே காட்டித் தருவார்.

பேஸ்ட்டை நாரின் மேலே மிதக்க விடாமல் நடு நாருக்குள் விரலால் அழுத்திவிடுங்கள். மேலே இருந்தால் முதல் கடியிலேயே நாக்குக்குப் போய்விடும். இடது கையின் ஆட்காட்டி விரலைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே உள்ள பையில் விட்டுக் கன்னத்தை விலக்குங்கள். இந்த இடத்தில் இருக்கும் விரல் கடிபடாது. பற்களுக்கு நடுவே விடும் விரல்தான் கடிபடும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் மேல் பிரஷ்ஷை உட்கார வைத்து, 1 முதல் 10 வரை சத்தமாக எண்ணிக்கொண்டே, ஒரு பல்லின் அகல அளவுக்கு மட்டும் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நீளமாக இழுத்தால் ஓர நார் மடங்கிவிடும். கீழே இரண்டு கடைவாய், மேலே இரண்டு கடைவாய், கீழ் முன்பல், மேல் முன்பல் என்று 6 இடம். ஒவ்வொன்றுக்கும் 10 எண்ணிக்கை. மொத்தம் 60, ஏறக்குறைய ஒரு நிமிடம். வரிசை தினமும் ஒன்றாகவே இருக்கட்டும்.

10 என்றால் 10தான். பிள்ளை அன்று நன்றாக ஒத்துழைக்கிறதே, இன்னும் கொஞ்சம் துலக்கிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். எண்ணிக்கை முடிந்தால் பிரஷ் வெளியே வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பிள்ளை வாயைத் திறக்கிறது. ஒருமுறை 10ஐ 15 ஆக்கினால் மறுநாள் 1லேயே வாய் மூடும்.

மேல் முன்பல்லில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் நடுவில் ஈறுக்கும் உதட்டுக்கும் இடையே நூல் போல ஒரு சதை தெரியும். பிரஷ் அதில் இடித்தால் சுரீரென்று வலிக்கும். பேச்சு வராத பிள்ளை அதைச் சொல்லாது, பிரஷ்ஷைத் தட்டிவிடும். நாம் அதை அடம் என்று எடுத்துக்கொள்கிறோம். உதட்டைத் தூக்கும்போதே ஆட்காட்டி விரலை அந்தச் சதையின் மேல் படுக்க வைத்து மறைத்துக்கொண்டால் பிரஷ் விரலில் மோதும், சதையில் மோதாது.

உதட்டைத் தூக்கிய அதே நேரத்தில் பல்லையும் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் முதல் படி. அந்த நிலையில், பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைடால் மீட்க முடியும். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் பிரஷ்ஷால் ஆகாது.

பிரஷ்ஷையே பார்க்க விடாத பிள்ளைக்கு இதெல்லாம் நேரடியாகச் செய்ய முடியாது. அங்கே வேலை படிப்படியாகத்தான் போகும். பிரஷ் கையில் இருக்கட்டும், பிறகு கன்னத்தின் வெளிப்பக்கம் தொடட்டும், பிறகு உதடு, பிறகு முன்பல்லில் ஒரு எண்ணிக்கை, பிறகு மூன்று. ஒரு படி சலனமில்லாமல் நடக்கும் வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது. சில பிள்ளைக்கு இது வாரங்கள் பிடிக்கும், அதில் தவறே இல்லை. சுவரில் நான்கைந்து படங்களை வரிசையாக ஒட்டி, முடிந்ததைத் திருப்பி வைக்கும் முறை பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது. படங்களில் உங்கள் வீட்டு பிரஷ், உங்கள் வீட்டுப் பாய் இருக்கட்டும். கையைக் காலைப் பிடித்து அமுக்கித் துலக்குவது மட்டும் வேண்டாம். அன்றைக்குப் பல் சுத்தமாகும், அடுத்த பல வருடங்களுக்கு வாயருகே யார் வந்தாலும் சண்டைதான்.

இந்த பிரஷ் போகாத இடங்கள்

கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்முகத்துக்கு இது போகாது. நெருக்கமாக, கோணலாக முளைத்த முன்பற்களில் ஓர நார் சரியாக உட்காராது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையே எந்த பிரஷ்ஷும் போகாது. 4 வயதுக்கு மேல் கடைவாய்ப் பால் பற்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்போது சொத்தை அந்த இடைவெளியில்தான் கண்ணுக்குத் தெரியாமல் ஆரம்பிக்கும். கைப்பிடி வைத்த ஃபிளாஸ் குச்சியை அங்கே வாரத்தில் சில முறையாவது விடப் பாருங்கள். கையில் சுற்றும் நூல் இந்தப் பிள்ளைகளிடம் நடைமுறைக்கு ஒத்துவராது.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை 6 வயதில். பால் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, நிரந்தரக் கடைவாய்ப் பல் ஒன்று ஒவ்வொரு மூலையிலும் முளைக்கும். எதுவும் விழாததால் பலர் அது முளைத்ததையே கவனிப்பதில்லை. முழு உயரத்துக்கு வர மாதங்கள் ஆகும். அதுவரை பக்கத்துப் பால் பல்லை விடத் தாழ்ந்தே இருக்கும். மூன்று பக்க பிரஷ் உயரமான பால் பல்லின் மேல் ஏறிக்கொண்டு இந்தப் புதுப் பல்லைத் தொடாமலே தாண்டிவிடும். இந்த ஒரு பல்லுக்காகவே சிறிய தலை உள்ள சாதாரண பிரஷ் ஒன்று கூடவே இருக்க வேண்டும். அதைக் கன்னப் பக்கத்திலிருந்து குறுக்காக உள்ளே விட்டு, புதுப் பல்லின் மேல் மட்டும் 5 எண்ணிக்கை தேய்த்தால் போதும். வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டிய பல் அது.

வாயைத் திறந்து வைக்க முடியாத பிள்ளைக்கு, பழைய தடித்த பிரஷ் ஒன்றின் கைப்பிடியில் சுத்தமான பருத்தித் துணியைச் சுற்றி ஒரு பக்கம் கடிக்கக் கொடுத்துவிட்டு, மறுபக்கம் துலக்கலாம். பிறகு பக்கம் மாற்றிக்கொள்ளலாம். வாயில் சோற்றை அடக்கி வைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு இதே கைப்பிடியால் கன்னப் பையைத் துழாவி எடுத்துவிட்டுத் துலக்க வேண்டும். ஊறிய பிஸ்கட்டும் இட்லியும் அங்கே மணிக்கணக்கில் இருக்கும்.

பக்கத்தில் விற்கும் மற்ற பொருள்கள்

யு வடிவ சிலிகான் பிரஷ்ஷை வாங்காதீர்கள். வாயில் வைத்தால் எல்லாப் பல்லும் சில நொடியில் சுத்தம் என்று விளம்பரம் வருகிறது. அதன் மழுங்கிய சிலிகான் முட்கள் ஈறின் ஓரத்துக்குப் போவதில்லை, ஒவ்வொரு பிள்ளையின் தாடை வளைவுக்கும் அது பொருந்துவதும் இல்லை. துலக்கிவிட்டோம் என்ற நிம்மதியை மட்டும் தரும். அந்த நிம்மதிதான் ஆபத்து.

விரலில் மாட்டும் பிரஷ் பல் முளைக்கும் கைக்குழந்தைக்குச் சரி. கடிக்கும் பிள்ளைக்கு வேண்டாம், விரல் போய்விடும், சிலிகான் துண்டு தொண்டைக்குப் போகவும் கூடும்.

பேட்டரி பிரஷ் இரண்டில் ஒன்றுதான்: ஒரு பிள்ளைக்கு அந்த அதிர்வு மிகவும் பிடிக்கும், இன்னொரு பிள்ளை அதன் சத்தத்துக்கே காதைப் பொத்தும். வாங்குவதற்கு முன் தெரபியில் அதிர்வு பொம்மைகளோடு பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பேஸ்ட் பற்றி

பிரஷ்ஷை எதிர்க்கும் பிள்ளைகளில் ஒரு பகுதி உண்மையில் பேஸ்ட்டைத்தான் எதிர்க்கிறது. புதினாக் காரம் அவர்கள் நாக்கில் எரிச்சலாக உறைக்கும். நுரை இன்னொரு தொல்லை. சோடியம் லாரில் சல்பேட் என்று அட்டையில் இருந்தால் அது நுரைக்கும். எதிர்ப்பு பிரஷ்ஷுக்கா பேஸ்ட்டுக்கா என்று பிரித்துப் பார்க்க வழி எளிது. சில நாள் வெறும் தண்ணீரில் துலக்குங்கள். பிள்ளை அமைதியாக இருந்தால் குற்றவாளி பேஸ்ட். பிறகு நுரையில்லாத, சுவை குறைந்த பேஸ்ட்டை ஊசிமுனை அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

பேஸ்ட் இல்லாமலே விட்டுவிடக் கூடாது. சொத்தையைத் தடுப்பதில் பெரும் பங்கு ஃபுளோரைடுக்கு. குழந்தைகள் பேஸ்ட் என்று வண்ணப் படம் போட்டு விற்பவற்றில் சில ஃபுளோரைடே இல்லாதவை, சில மிகக் குறைந்த அளவு உள்ளவை. டியூபின் பின்னால் பிபிஎம் என்ற எண்ணைப் படியுங்கள்; பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு ஃபுளோரைடு என்பதுதான் அது. நம் நாட்டில் கடையில் விற்கும் பேஸ்ட்டுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 1000 பிபிஎம். அந்த அளவு உள்ளதையே வாங்கி, எடுக்கும் அளவைக் குறைத்துக்கொள்வதுதான் சரி. 3 வயதுக்குள் ஒரு அரிசி மணி அளவு, 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு. 6 வயதைத் தாண்டியும் துப்பத் தெரியாத பிள்ளைக்கு எவ்வளவு என்று பல் மருத்துவரைக் கேளுங்கள். துலக்கி முடித்ததும் ஈரத்துணியால் நுரையைத் துடைத்தால் போதும், கொப்பளிக்க வைக்கத் தேவையில்லை. பல்லின் மேல் கொஞ்சம் தங்கட்டும்.

பழங்கள் வாசனை பேஸ்ட் ஒரு பக்கம் உதவி, ஒரு பக்கம் தொல்லை. இனிப்பு என்று டியூபையே பிழிந்து தின்னும் பிள்ளைகள் உண்டு. 1000 பிபிஎம் பேஸ்ட் 100 கிராமில் 100 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் உள்ளே போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அளவு. 15 கிலோ பிள்ளைக்கு அது முக்கால் டியூப். அதற்கும் குறைவாகப் போனாலே வயிற்று வலியும் வாந்தியும் வரும். டியூபைப் பூட்டி வையுங்கள். தின்றுவிட்டால் பால் குடிக்கக் கொடுத்துவிட்டு, மீதி டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எவ்வளவு போயிருக்கும் என்று மருத்துவர் கணக்கிட அது உதவும்.

இந்த மண்ணுக்கே உரிய ஒரு விஷயம். பழைய வட ஆற்காட்டில் சில ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு இயற்கையாகவே கூடுதல். பல் உருவாகும் வயதில் அந்த நீரையே குடித்தால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருவுக்கும் போர் தண்ணீர் குடிக்கும் கிராமத்துக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துக்கொண்டு, அந்தத் தாளோடு பல் மருத்துவரிடம் பேசுங்கள். தண்ணீர் பயத்தில் பேஸ்ட்டை நிறுத்துவதும் தவறு, தண்ணீரைச் சோதிக்காமலே மாத்திரை, ஜெல் என்று ஃபுளோரைடைக் கூட்டுவதும் தவறு.

பிரஷ்ஷைத் தோற்கடிக்கும் இரண்டு

ஒன்று, பரிசு மிட்டாய். சொன்னதைச் செய்தால் ஒரு ஜெம்ஸ், ஒரு சாக்லேட் துண்டு என்று தெரபிப் பயிற்சி நேரம் முழுக்க வாயில் இனிப்பு போய்க்கொண்டே இருக்கிறது. சொத்தைக்கு இனிப்பின் மொத்த அளவை விட எத்தனை முறை வாய்க்குள் போகிறது என்பதே பெரிது. ஒவ்வொரு முறையும் சுமார் அரை மணி நேரம் பல் அமிலத்தில் நனைகிறது. ஒரே வேளையில் ஒரு ஆற்காடு மக்கன் பேடா தின்று தண்ணீர் குடிப்பது, ஒரு மணி நேரத்தில் இருபது ஜெம்ஸ் தின்பதை விடப் பல்லுக்கு நல்லது. தெரபிஸ்டிடம் தயங்காமல் கேளுங்கள்: "மேடம், மிட்டாய்க்குப் பதிலா சோப்புக் குமிழி, சுத்துற பொம்மை, பொரி ஏதாவது கொடுக்கலாமா?" பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு, ராத்திரி சிரப். வலிப்பு மருந்தும் இருமல் மருந்தும் பல இனிப்புப் பாகில் கலந்தவை. துலக்கிய பிறகு கொடுத்தால் துலக்கியது வீண். மருந்து முதலில், பிரஷ் கடைசியில். சர்க்கரை இல்லாத வகை உண்டா, மாத்திரையாகக் கிடைக்குமா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேளுங்கள். ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு ஈறு தடித்துப் பல்லை மூடுவது உண்டு. கவனக் குறைவுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் வாயை உலர்த்தக் கூடும். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் மருத்துவரிடம் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்.

எப்போது பிரஷ்ஷை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்

பேச்சு வராத பிள்ளை பல் வலியைக் கன்னத்தில் அடித்துக்கொண்டு சொல்லும். ஒரே பக்கமாக மெல்லும், பிடித்த முறுக்கை ஒதுக்கும், நடுராத்திரியில் எழும், விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டே இருக்கும், எச்சில் வழக்கத்தை விடக் கூடுதலாக ஒழுகும். இதையெல்லாம் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். புதிதாக வந்த நடத்தை எதுவானாலும் முதலில் வாயைத் திறந்து பாருங்கள்.

வேலூரில் இதற்குப் போக இடம் இருக்கிறது. சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் மருத்துவமும் குழந்தை வளர்ச்சிப் பிரிவும் ஒரே நிறுவனத்துக்குள் இருப்பது பெரிய வசதி. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் குழு அங்கன்வாடிக்கு வருடம் 2 முறை, அரசுப் பள்ளிக்கு 1 முறை வரும். அந்தத் திட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமும் உண்டு, பல் சொத்தையும் உண்டு. குழு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை. அதில் தடுப்புப் பல் சிகிச்சைக்கும் இடம் உண்டு.

எங்கே போனாலும் முன்கூட்டியே போனில் சொல்லுங்கள்: "டாக்டர், பையனுக்கு ஆட்டிசம். சத்தமும் வெளிச்சமும் தாங்க மாட்டான். காலையில முதல் ஆளா வரலாமா? முதல் நாள் சேர்ல உட்கார்ந்துட்டு மட்டும் வந்துடுறோம், எதுவும் செய்ய வேண்டாம்." இதைக் கேட்டு எரிச்சல்படும் கிளினிக் உங்களுக்கான இடமில்லை. கறுப்புக் கண்ணாடி, ஹெட்ஃபோன், வீட்டு பிரஷ் மூன்றையும் கொண்டுபோங்கள். மருத்துவர் முதலில் அந்த பிரஷ்ஷாலேயே வாயைப் பார்க்கட்டும்.

டிரில் போடாமல் செய்யக் கூடியவை என்னென்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பூச ஓரிரு நிமிடம் போதும். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. சொத்தை ஆரம்பித்துவிட்ட பால் பல்லுக்கு 38 சதவீத சில்வர் டயமைன் ஃபுளோரைடு. பல்லை உலர்த்தி ஒரு சொட்டைத் தடவி ஒரு நிமிடம் வைத்தால் சொத்தை பெரும்பாலும் அப்படியே நின்றுபோகும். 6 மாதம் கழித்து மறுபடி தடவ வேண்டிவரும். விலை ஒன்று உண்டு: சொத்தைப் பட்ட இடம் நிரந்தரமாகக் கறுப்பாகும். உதட்டில் பட்டால் அந்தக் கறை சில நாளில் போய்விடும், சட்டையில் பட்டால் போகாது. வெள்ளி ஒவ்வாமை இருந்தாலும், நரம்பு வரை போய் வலிக்கும் பல்லானாலும் இதைப் போடக் கூடாது. கறுப்புப் பல்லைப் பார்த்து உறவுக்காரர்கள் கேட்பார்களே என்று தயங்கும் பெற்றோர் ஒன்றை நினைக்க வேண்டும். இதற்கு மாற்று பல நேரம் மயக்க மருந்து. பால் கடைவாய்க்கு ஊசியும் டிரில்லும் இல்லாமல் எஃகு உறையை அழுத்திப் பொருத்தும் ஹால் முறையும் உண்டு. பல்லின் நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

பல பல் ஒரே நேரத்தில் கெட்டிருந்தால் முழு மயக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே அமர்வில் முடிப்பது நியாயமான வழிதான், அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. வழக்கமாக 6 மணி நேரம் முன்பிருந்து சோறு, பால் கிடையாது. வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. துல்லியமான நேரத்தை மயக்க மருத்துவர் சொல்வார். நேரம் பார்த்தே சாப்பிடும் பிள்ளைக்கு இந்தப் பட்டினிதான் கஷ்டம், அதனால் முதல் கேஸாக எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, பிரஷ்ஷின் ஆயுள். அட்டையில் 3 மாதம் என்று போட்டிருக்கும். கடிக்கும் பிள்ளையின் கையில் அது ஒரு மாதம் தாங்கினால் அதிகம். ஓர நார் வெளிப்பக்கமாக மலர்ந்துவிட்டால் பல்லைப் பிடிக்காது, ஈறைத்தான் கீறும், அன்றே மாற்ற வேண்டும். நிறம் மாறினால் புது பிரஷ்ஷை ஏற்காத பிள்ளைகள் நிறைய. ஒன்று ஒத்துக்கொண்டது என்று தெரிந்ததும் அதே கம்பெனியில், அதே அளவில், அதே நிறத்தில் மூன்று நான்கை வாங்கி வைத்துவிடுங்கள். பழையதைத் தூக்கிப் போடுவதற்கு முன் புதியதையும் பழையதையும் சில நாள் ஒரே டம்ளரில் நிற்க விடுங்கள்.